ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் வேரை ஊர்ப் பதிவேடுகளில் தேடுவது எப்படி?

கேள்வி இதுதான்: 1800 வாக்கில் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் பிறந்த ஒருவரின் பெயர் தெரியும். இணையத்தில் தேடினால் அதே பெயரில், ஏறக்குறைய அதே ஆண்டில் நாலைந்து ஞானஸ்நானப் பதிவுகள் வந்து நிற்கின்றன. இவர்களில் நம்மவர் யார்? அவருக்கு முந்தைய தலைமுறைகளை எப்படிப் பிடிப்பது?

பெயரை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான், வில்லியம், தாமஸ், மேரி, ஆன், எலிசபெத் என்று இரண்டு கை விரல்களுக்குள் அடங்கும் பெயர்களைத்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வைத்தார்கள். அண்ணன் தம்பி மூவரும் தங்கள் மூத்த பையனுக்குத் தாத்தா பெயரை வைத்தால், ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் ஓடியாடிக்கொண்டிருப்பார்கள். ஆகவே ஒரு ஆளைத் தேடுவதை விட்டுவிட்டு அந்தப் பாரிஷையே கையில் எடுக்க வேண்டும். பாரிஷ் என்பது ஒரு கிறிஸ்தவக் கோயிலும் அதைச் சேர்ந்த ஊர்வட்டமும். ஞானஸ்நானம் கொடுப்பது மட்டுமல்ல, ஏழைக்குக் கஞ்சி ஊற்றுவது, சாலையைச் செப்பனிடுவது வரை அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் அதுதான் அலகு. நாலு பேரில் மூன்று பேரை ஆதாரத்தோடு கழித்துக் காட்டினால்தான் நாலாவது ஆள் உங்களவர் ஆவார்.

முதலில் பின்பக்கத்திலிருந்து வாருங்கள். 1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே பதிவு செய்கிறது. உங்கள் ஆள் 1800-இல் பிறந்திருந்தாலும் அவர் பிள்ளைகளில் யாராவது 1837-க்குப் பிறகு பிறந்திருப்பார், மணந்திருப்பார். பிறப்புச் சான்றிதழில் தாயின் கன்னிப் பெயர், அதாவது பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், இருக்கும். திருமணச் சான்றிதழில் இருவருடைய தகப்பன்மார் பெயரும் தொழிலும் இருக்கும். தாய்மார் பெயரைச் சேர்த்தது 2021 மே மாதத்தில்தான். தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் இணைய அட்டவணையில் தாயின் கன்னிப் பெயர் 1837 முதலே கொடுக்கப்பட்டிருக்கிறது. பழைய அச்சு அட்டவணையில் அது 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். ஆகவே முதலில் இணைய அட்டவணையையே பாருங்கள். அதில் தாயின் கன்னிப் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் வெறும் கோடு இருந்தால், பெரும்பாலும் தாய்க்கு மணமாகவில்லை என்று பொருள். 1837 முதல் 1874 வரை பதியாமல் விட்டால் பெற்றோருக்குத் தண்டனை இல்லை. அதனால் சில பிறப்புகள் அட்டவணையில் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதற்காகப் பிறக்கவில்லை என்று முடிவு கட்டக்கூடாது.

அடுத்து சென்சஸ். 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை, 1921 வரை, ஆள்வாரியாகப் பார்க்கலாம். 1931-இல் எடுத்தது தீயில் போய்விட்டது, 1941-இல் எடுக்கவேயில்லை. 1841 ஏட்டில் இரண்டு பள்ளங்கள் உண்டு. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 என்று நிற்பார். பிறந்த ஊரைக் கேட்கவில்லை, இதே கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், பிறந்தவரா என்று மட்டும் கேட்டார்கள். 1851-தான் திருப்புமுனை. அதில் பிறந்த பாரிஷின் பெயரே இருக்கும். உங்கள் ஆள் 1851 மார்ச் 30 இரவு உயிரோடு இருந்தாரா என்பதில்தான் பாதி வேலை அடங்கியிருக்கிறது. 1861, 1871-லும் அவர் இருந்தால் மூன்றிலும் சொன்ன பிறந்த ஊரை ஒப்பிடுங்கள். வெளியூரில் இருக்கும்போது பக்கத்துப் பெரிய ஊரின் பெயரைச் சொல்வார், சொந்த ஊருக்குத் திரும்பிய பின் குக்கிராமத்தின் பெயரையே சொல்வார். குக்கிராமத்தை நம்புங்கள்.

ஊர் கிடைத்துவிட்டால் பாரிஷ் பதிவேட்டுக்குள் நுழையலாம். எந்தக் காலத்துப் பதிவேடு எதைத் தரும் என்று முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதில் இருக்கவே முடியாத தகவலைத் தேடிக் கண் பூத்துப்போகும்.

1813 முதல் அச்சடித்த படிவம். ஞானஸ்நானம் பக்கத்துக்கு எட்டு: பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், குடியிருப்பு, தகப்பன் தொழில். அடக்கத்தில் வயதும் குடியிருப்பும். ஒரே பெயரில் இரண்டு தகப்பன்கள் இருந்தால் அவர்களைப் பிரிக்க இந்தக் குடியிருப்பும் தொழிலுமே கத்தி. ஒருவர் கூலிக்காரர், மற்றவர் சக்கரம் செய்பவர். ஒருவர் ஊர் நடுவில், மற்றவர் மேட்டுத் தெருவில்.

1754 மார்ச் 25 முதல் திருமணத்துக்குத் தனி ஏடு. ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த சட்டத்தால் வந்தது இது. மூன்று ஞாயிறு ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்தோ, உரிமம் வாங்கியோ, பாரிஷ் கோயிலில்தான் மணமுடிக்க வேண்டும். குவேக்கர் என்ற தனிக் கிறிஸ்தவச் சபையாருக்கும் யூதர்களுக்கும் மட்டும் விலக்கு. மணமக்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும், எழுதத் தெரியாதவர் சிலுவைக்குறி போடுவார். இந்தக் கையெழுத்து பெரிய சொத்து. 1760-இல் மணந்த ஜானும், 1785-இல் மகள் திருமணத்துக்குச் சாட்சி போட்ட ஜானும் ஒரே ஆள்தானா என்பதை, அந்த ஜே எழுத்தின் வளைவை வைத்தே சொல்லிவிடலாம். சாட்சிப் பெயரைக் கண்டதும் உறவினர் என்று துள்ளக்கூடாது. ஏட்டில் பத்துப் பக்கம் முன்னும் பின்னும் புரட்டுங்கள். அதே பெயர் எல்லாத் திருமணத்திலும் வந்தால் அவர் கோயில் எழுத்தர். ஓலை வாசித்த ஏடு தனியாகக் கிடைத்தால் அதையும் பாருங்கள். மாப்பிள்ளை வெளியூர்க்காரர் என்றால் அவருடைய பாரிஷின் பெயர் அதில் இருக்கும்.

அதற்கும் முன்னால் போகப் போக வரிகள் சுருங்கும். 1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் எல்லாப் பாரிஷும் பதிவேடு வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். ஆரம்பத்தில் பலர் தாளில் எழுதினார்கள். 1598-இல் அவற்றைத் தோலேட்டில் பெயர்த்தெழுதச் சொன்னபோது, குறிப்பாக எலிசபெத் அரியணையேறிய 1558-லிருந்து எழுதுங்கள் என்று ஒரு வாசகம் சேர்ந்தது. பல ஊர்களில் அந்த வாசகத்தைச் சாக்காக வைத்து அதற்கு முந்தைய இருபது ஆண்டை விட்டுவிட்டார்கள். 1558-இல் தொடங்கும் ஏடுகள் இத்தனை இருப்பதற்குக் காரணம் இதுவே. ஆண்டுதோறும் ஒரு நகலைப் பேராயருக்கு அனுப்பும் வழக்கமும் அப்போதுதான் நிலைபெற்றது. மூல ஏடு எலி தின்று, ஈரம் ஏறிக் கெட்டிருந்தாலும் பேராயர் நகல் பிழைத்திருக்கலாம். இரண்டும் இருந்தால் இரண்டையும் படியுங்கள். ஒன்றில் விட்டுப்போன வரி மற்றதில் இருப்பதுண்டு.

இதெல்லாம் ஒரே குடும்பத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க, எல்லோரும் அறிந்த ஷேக்ஸ்பியர் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஸ்ட்ராட்ஃபர்டு ஹோலி டிரினிட்டி கோயில் ஏட்டில் 1564 ஏப்ரல் 26-ஆம் தேதியில், லத்தீனில், ஜானின் மகன் வில்லியம் என்று ஒரே வரி. தாய் பெயர் இல்லை, பிறந்த நாள் இல்லை. ஏப்ரல் 23 என்று கொண்டாடுவது ஊகம்தான். அந்த வரியும் அன்றைக்கு எழுதியது அல்ல. 1558 முதல் 1600 வரை எல்லாம் ஒரே கையெழுத்தில் பின்னால் பெயர்த்தெழுதப்பட்டவை. அதே ஆண்டு ஜூலை 11 அடக்கப் பதிவின் ஓரத்தில், இங்கே கொள்ளைநோய் தொடங்கியது என்று லத்தீனில் ஒரு குறிப்பு. ஒரு குடும்பத்தில் ஆறு வாரத்துக்குள் நாலு அடக்கம் வந்தால், இப்படி ஊருக்கே வந்த துன்பமா என்று அக்கம்பக்கத்து வரிகளை எண்ணிப் பாருங்கள்.

திருமணம் இன்னும் பாடமானது. ஸ்ட்ராட்ஃபர்டு வாரிக்‌ஷயர் கவுண்டியில் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு உஸ்டர் பேராயரின் ஆட்சியில் இருந்தது. அதனால் திருமண உரிமக் காகிதங்கள் உஸ்டரில் கிடைத்தன. கவுண்டி எல்லையை மட்டும் பார்த்துத் தேடியிருந்தால் அவை கண்ணில் பட்டிருக்கவே மாட்டா. பேராயர் ஏட்டில் 1582 நவம்பர் 27-ஆம் தேதி மணமகள் பெயர் டெம்பிள் கிராஃப்டனைச் சேர்ந்த ஆன் வேட்லி. மறுநாள் ஜாமீன் பத்திரத்தில் ஸ்ட்ராட்ஃபர்டைச் சேர்ந்த ஆன் ஹாத்வே. மாப்பிள்ளை பெயர் ஒன்றில் ஷாக்ஸ்பியர், மற்றதில் ஷாக்ஸ்பேர் என்கிற மாதிரி வேறுவேறு எழுத்து. இரண்டு மணமகள் என்று கதை கட்டியவர்கள் உண்டு. எழுத்தரின் மேசையில் அப்போது வேட்லி என்ற இன்னொருவரின் வழக்கும் இருந்தது, அந்தப் பெயர் கைதவறி ஏறிவிட்டது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. ஒரே நிகழ்வுக்கு இரண்டு ஆவணம் இருந்தால் இரண்டையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். நாற்பது பவுண்டுக்கு ஜாமீன் நின்ற இருவரும் ஸ்ட்ராட்ஃபர்டு விவசாயிகள், பெண் வீட்டுக்கு வேண்டியவர்கள். ஜாமீன்தாரர் யார் என்று தேடினாலே குடும்பம் ஒன்று விரியும். இன்னொன்று: பிற்கால உரிமங்களில் வயது 21-உம் மேலும் என்று இருந்தால், 21 வயது என்று குறித்துக்கொள்ளாதீர்கள். பெற்றோர் அனுமதி தேவைப்படாத வயது என்பதுதான் அதன் பொருள். ஆள் ஐம்பது வயதுக்காரராகவும் இருக்கலாம்.

வில்லியமின் தகப்பன் ஜானுக்கு ஞானஸ்நானப் பதிவே இல்லை. அவர் வந்த ஸ்னிட்டர்ஃபீல்டில் ஏடு தொடங்குவதே 1561-இல். இருந்தும் அவரை நமக்குத் தெரியும். 1552 ஏப்ரலில் ஹென்லி தெருவில் குப்பைமேடு போட்டதற்காக அபராதம் கட்டியவர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. 1561-இல் ஸ்னிட்டர்ஃபீல்டு ரிச்சர்டின் சொத்து நிர்வாகம் ஜான் கைக்கு வந்த காகிதத்தால் தகப்பன் பெயர் உறுதியாகிறது. கோயில் ஏடு நின்ற இடத்திலிருந்து உள்ளூர் நீதிமன்ற ஏடும் சொத்துக் காகிதமும் ஒரு தலைமுறையை மேலே ஏற்றிவிட்டன.

இனி, ஒரே பெயரில் நாலு பேர் என்ற சிக்கல். அந்தக் குடும்பப் பெயர் வரும் எல்லாப் பதிவுகளையும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும், குறைந்தது அறுபது ஆண்டுக்கு எழுதி எடுங்கள். ஊரைச் சுற்றிப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் பாரிஷ்களையும் சேருங்கள். சந்தைக்குப் போன தூரத்துக்குள்தான் பெண் எடுத்தார்கள். திருமணம் பெரும்பாலும் பெண் வீட்டுப் பாரிஷில் நடக்கும், தலைப்பிள்ளைக்கு ஞானஸ்நானமும் சில சமயம் அங்கேதான். பிறகு ஒவ்வொரு தம்பதிக்கும் ஒரு தாள் போட்டுப் பிள்ளைகளை அடுக்குங்கள். பிள்ளைகளுக்கு நடுவே இரண்டு ஆண்டு, இரண்டரை ஆண்டு இடைவெளி வருவது இயல்பு. நாலு மாத இடைவெளியில் இரண்டு பிள்ளை வந்தால் அங்கே இரண்டு தம்பதிகள் கலந்திருக்கிறார்கள்.

அடுத்தது அடக்க ஏடு. பலர் தாண்டிப்போவது இதைத்தான். இணையத்தில் கிடக்கும் குடும்ப மரங்களில் அதிகம் காணும் பிழை, மூன்று மாதத்தில் இறந்துபோன குழந்தையை எழுபது வயதுத் தாத்தாவாக ஆக்கிவிடுவது. உங்கள் நாலு வில்லியம்களில் எவராவது சிசுவாக அடக்கமானாரா என்று முதலில் பாருங்கள். ஆனால் ஜானின் மகன் வில்லியம் அடக்கம் என்றால் எந்த ஜான் என்ற கேள்வி மறுபடி வரும். அதே தம்பதி ஓரிரு ஆண்டில் இன்னொரு பிள்ளைக்கு மறுபடி வில்லியம் என்று பெயர் வைத்திருந்தால், இறந்தது அவர்கள் பிள்ளைதான் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். யார்க் மறைமாவட்டத்தில் 1777 முதல் 1812 வரை சில பாரிஷ்கள் வில்லியம் டேட் என்ற பாதிரியார் வகுத்த முறையில் எழுதின. அங்கே தாத்தா பாட்டி பெயர், பிள்ளை எத்தனையாவது என்பது வரை இருக்கும். அப்படியோர் ஏடு கிடைத்தவர் பாக்கியசாலி.

தேதியில் விழாத பள்ளம் இல்லை. 1751 வரை ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. 1720 ஏப்ரல் 28 திருமணம், 1720 பிப்ரவரி 9 தலைப்பிள்ளை என்று ஏட்டில் இருந்தால் யார் மீதும் பழி போடாதீர்கள். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1721. குறிப்பெடுக்கும்போது 1720/21 என்று இரண்டையும் எழுதிவையுங்கள். குவேக்கர் ஏடுகளில் மாதத்துக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்; 1752-க்கு முன் அவர்களுடைய முதல் மாதம் மார்ச். 1733 வரை பல ஏடுகள் லத்தீனில். யாக்கோபஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்மஸ் என்றால் வில்லியம், எகிடியஸ் என்றால் ஜைல்ஸ், கல்ஃப்ரிடஸ் என்றால் ஜெஃப்ரி. ஆங்கிலத்தில் எழுதியதிலும் சீனியர், ஜூனியர் என்பது மூத்தவர், இளையவர் என்று மட்டுமே பொருள்படும். சித்தப்பாவும் அண்ணன் மகனும் அப்படி இருக்கலாம்.

குடும்பம் ஊரை விட்டுப் பெயர்ந்திருந்தால் பாரிஷ் பெட்டகம்தான் கதி. கோயில் நிர்வாகிகளான சர்ச் வார்டன்களும் ஏழைகள் கண்காணிப்பாளர்களும் வைத்திருந்த காகிதங்கள் மூன்று பூட்டுப் போட்ட ஒரு பெட்டியில் கிடக்கும். இப்போது அவை கவுண்டி ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. 1662 சட்டப்படி ஒவ்வொருவருக்கும் செட்டில்மென்ட் என்று ஓர் ஊர் உண்டு. கையில் காசில்லாமல் போனால் சோறு போட வேண்டிய ஊர் அது. வேறு ஊரில் பாரமாகிவிட்டால் இரண்டு நீதிபதிகள் முன் நிறுத்தி விசாரிப்பார்கள்: எங்கே பிறந்தாய், யாரிடம் தொழில் பழகினாய், யாரிடம் ஓராண்டு வேலை பார்த்தாய், என்ன கூலி, எங்கே மணந்தாய், பிள்ளைகள் யார் யார், வயது என்ன. ஓர் ஏழையின் முழு வாழ்க்கையும் ஒரே தாளில் வந்துவிடும். மணமாகாதவர் ஒரே எஜமானரிடம் முழு ஓராண்டு வேலை பார்த்தால் அந்த ஊர் செட்டில்மென்ட் கிடைக்கும். அதைத் தவிர்க்கவே பல பண்ணையார்கள் 51 வாரத்துக்கு ஆள் அமர்த்தினார்கள். அந்த ஒரு வாரத்தால் முதுமையில் ஊர் ஊராகத் துரத்தப்பட்டவர்களை இந்தத் தாள்களில் படிக்கும்போது மனம் கனத்துவிடும். தகப்பன் பெயர் இல்லாத ஞானஸ்நானமா? பாரிஷுக்குச் செலவு வராமல் இருக்க, அந்தத் தகப்பனிடம் எழுதி வாங்கிய பத்திரத்தைத் தேடுங்கள். பிள்ளையின் நடுப்பெயரே தகப்பனின் குடும்பப் பெயராக இருப்பதும் உண்டு.

கொஞ்சம் நிலபுலன் இருந்த குடும்பம் என்றால் உயில். 1858 ஜனவரி 12-க்கு முன் உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களில் மெய்ப்பிக்கப்பட்டன. பேராயருக்குக் கீழுள்ள ஆர்ச்டீக்கன் ஒருவரின் எல்லைக்குள் மட்டும் சொத்து இருந்தால் கீழ் நீதிமன்றம், பல பேராயங்களில் இருந்தால் கேன்டர்பரி அல்லது யார்க் மேல் நீதிமன்றம். கேன்டர்பரி உயில்கள் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 1384 முதல் இருக்கின்றன. டெவன், சோமர்செட் கவுண்டிகளின் உயில்கள் பெரும்பாலும் 1942 குண்டுவீச்சில் எக்ஸிடரில் எரிந்துபோயின. அங்கே நாட்களை வீணாக்காதீர்கள், கேன்டர்பரி அட்டவணையை முதலில் பாருங்கள். உங்கள் நேர்முன்னோரின் உயிலோடு நிற்காமல், மணமாகாத அத்தைகளின் உயிலைத் தேடுங்கள். மணமான பெண் 1882 சட்டத்துக்கு முன் கணவன் சம்மதமின்றி உயில் எழுத முடியாது. ஆனால் கன்னியும் கைம்பெண்ணும் எழுதலாம். அவர்கள் ஒரு வெள்ளிக் கரண்டியைக்கூட, இன்ன அண்ணனின் இன்ன மகளுக்கு என்று பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுப்பார்கள்.

விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுக்கும் தசமபாகம் பற்றிய 1836 சட்டத்துக்குப் பிறகு வரைந்த ஊர் வரைபடத்தில் ஒவ்வொரு வயலுக்கும் எண், சொந்தக்காரர், அனுபவிப்பவர், பரப்பு எல்லாம் இருக்கும். 1841 சென்சஸோடு சேர்த்து வைத்தால் எந்த ஜான் எந்த வீட்டில் என்று விரலை வைத்துக் காட்டலாம்.

எதிலுமே பெயர் வராவிட்டால் காரணத்தைத் தேடுங்கள். 1642-க்கும் 1660-க்கும் இடையில் உள்நாட்டுப் போரால் பல ஏடுகளில் ஓட்டை. 1783 அக்டோபர் முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி. பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. அதனால் வரி வருமுன் பிள்ளைகளை மொத்தமாகக் கொண்டுபோய் ஞானஸ்நானம் வாங்கினார்கள், வந்தபின் தள்ளிப்போட்டார்கள். பத்து வயதுப் பிள்ளையின் பதிவை 1795-லும் தேடுங்கள். குடும்பம் அரசுத் திருச்சபைக்கு வெளியே, பாப்டிஸ்டாகவோ காங்கிரகேஷனலாகவோ இருந்தால் திருமணமும் அடக்கமும் பாரிஷ் ஏட்டில் இருக்கும், பிள்ளைகள் மட்டும் இருக்க மாட்டார்கள். அந்தச் சபைகளின் ஏடுகள் பெருமளவு கியூவில் ஆர்ஜி 4 என்ற வரிசையில் உள்ளன. கடைசியாக, அட்டவணையை நம்பிப் படத்தைப் பார்க்காமல் விடாதீர்கள். பழைய கையெழுத்தில் நீண்ட எஸ் எழுத்தை எஃப் என்றும், பெரிய டி-யை எஃப் என்றும் படித்துத் தட்டச்சு செய்தவர்கள் ஏராளம். அதனால் ராஸ் என்ற குடும்பம் ராஃப்ஸ் என்று ஒளிந்திருக்கும்.

சென்னையிலிருந்து தேடுபவர்களுக்கு எதிர்த்திசையிலும் ஒரு வாசல் உண்டு. புனித ஜார்ஜ் கோட்டையில் 1680-இல் பிரதிஷ்டையான செயின்ட் மேரீஸ் கோயில் உட்பட, மதராஸ் ராஜதானிப் பதிவேடுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசையில் இருக்கின்றன. அங்கே கிடைத்த ஆள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரியாகச் சேர்ந்தவர் என்றால், 1789 முதல் 1860 வரையிலான கேடட் (அதிகாரிப் பயிற்சியாளர்) காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள். வயதுக்குச் சாட்சியாக அவர் கொண்டுவந்த ஞானஸ்நானச் சான்று அந்தக் கட்டில் தைத்திருக்கும். இங்கிலாந்தில் எந்தப் பாரிஷ் ஏட்டைத் திறக்க வேண்டும் என்பதை, அந்த ஊர்ப் பாதிரியாரே கையெழுத்திட்டுச் சொல்லியிருப்பார்.